பைய சொல்லு, நாங்க கேக்கோம்

“எனக்கு எல்லாம் தெரியும் டீச்சர். வாய்தான் வரல.”

நர்சிங் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்த் திரும்பிய பிள்ளை எங்கள் வீட்டு முன்கூடத்தில், தார்சாவில், உட்கார்ந்து சொன்னது இது. பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம்தான் ஆங்கிலம் படித்தாள். வகுப்பிலேயே முதல் மதிப்பெண். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கு, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கு என்று எதைக் கொடுத்தாலும் பிழையில்லாமல் மாற்றி எழுதிவிடுவாள். அங்கே அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லம்மா என்றார்களாம். பெயரைச் சொன்னாள். ஊர் வீரவநல்லூர் என்றாள். அதோடு தொண்டை அடைத்துக்கொண்டது. எதிரே இருந்தவர் முகம் சுளிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. இவளுக்குத்தான் தலைக்கு மேலே ஓடிய மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

காபி போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போனேன். அடுப்பைப் பற்றவைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அப்போது ஆங்கில ஆசிரியையாக எனக்கு இருபத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷத்தில், என் வகுப்பில் ஒரு பிள்ளையாவது சேர்ந்தாற்போல் இரண்டு நிமிஷம் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறதா என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

நான் பேசினேன், அவர்கள் எழுதினார்கள். பாடத்தை ஆங்கிலத்தில் வாசிப்பேன், தமிழில் விளக்குவேன், வினா விடையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அக்கறை இல்லாமல் செய்ததல்ல. பொதுத் தேர்வு எழுத்துத் தேர்வு. வகுப்பில் ஐம்பது பேர், பாடவேளை நாற்பத்தைந்து நிமிஷம். நான் வாயே திறக்காமல் நேரம் முழுவதையும் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தாலும் ஆளுக்கு ஒரு நிமிஷம் வராது. இந்தக் கணக்கைச் சொல்லித்தான் இத்தனை வருஷமும் என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன்.

ஆனால் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் நடந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வீரவநல்லூரில் தறி வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைய உண்டு. வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசல் தாண்டினால் தமிழ். அப்பா என்ன செய்கிறார் என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டு வந்தேன். அவன் எழுந்து, “மை ஃபாதர் இஸ் லூம்” என்றான். அப்பா தறி. வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் திருத்தினேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பு முடியும்வரை என் வகுப்பில் தானாக எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது திருப்பூரில் இருக்கிறான். விசேஷத்துக்கு ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வந்து, “நல்லா இருக்கீங்களா டீச்சர்” என்று கேட்டுவிட்டுத்தான் போவான். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் கேட்கும். இரண்டு மொழியைச் சர்வ சாதாரணமாகப் பேசுகிற பிள்ளைக்கு, உனக்கு மூன்றாவது மொழி வராது என்று நாங்கள் ஐம்பது பேர் சேர்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

நம் பக்கத்தில் இந்தச் சிரிப்புக்கு இரண்டு முனை உண்டு. தப்பாகப் பேசினால் கேலி. சரியாகப் பேசினால், “ஏலே, பீட்டர் விடாத.” பள்ளிக்கூடத்தில் மட்டுமில்லை. டவுன் பஸ்ஸில் இரண்டு பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிப் பழகட்டும், பின் சீட்டில் இருந்து யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார். பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம் என்றால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? தன்னம்பிக்கை இல்லாத பிள்ளைகள் என்று நாம் சொல்கிறோம். அவர்களிடம் குறை ஒன்றும் இல்லை, இருக்கிற இடத்தை அவர்கள் சரியாகவே எடை போட்டிருக்கிறார்கள்.

அந்த நர்சிங் பிள்ளை வந்துபோன மறுவாரம், சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டு மச்சியில், அதாவது மாடியில், ஆறு பேரை வைத்து ஆரம்பித்தேன். அவளும் வந்தாள். கல்லிடைக்குறிச்சியில் இருந்து ஒரு கல்லூரிப் பையன், பத்தமடையில் இருந்து பாய் முடைகிற வீட்டுப் பெண் ஒருத்தி, எங்கள் தெருவிலேயே மூன்று பேர். கட்டணம் கிடையாது. புத்தகமும் கிடையாது.

முதல் நாள், “யாரும் சிரிக்கக் கூடாது” என்றேன். அது எடுபடவில்லை. சிரிக்காதே என்றால் சிரிப்பு இன்னும் முட்டிக்கொண்டு வரும். இரண்டு வாரம் போன பிறகு விதியை மாற்றினேன். ஒருவர் பேசும்போது மற்ற ஐந்து பேருக்கும் வேலை உண்டு. பேசி முடித்ததும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவர் சொன்னதில் இருந்தே கேட்க வேண்டும். கேள்வி அரைகுறை ஆங்கிலத்தில் இருந்தாலும் சரிதான். அன்றோடு சிரிப்பு நின்றது. என்ன கேட்கலாம் என்று யோசிக்கிறவனுக்குச் சிரிக்க நேரமில்லை. பேசுகிறவளுக்கும் எதிரே இருக்கிற முகம் மாறிவிட்டது. தப்பு எங்கே வரும் என்று காத்திருக்கும் முகம் போய், கதை என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் முகம் வந்தது. யாராவது திக்கி நின்றால் பத்தமடைப் பெண்தான், “பைய சொல்லு, நாங்க கேக்கோம்” என்பாள். அது எங்கள் மச்சியின் வாக்கியமாகவே ஆகிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்காக: பைய என்றால் மெதுவாக.

பையச் சொல்ல விடுவது ஆசிரியர்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமானது, பதில் சொல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியது. அவர்களெல்லாம் தாய்மொழியில் பதில் சொன்ன பிள்ளைகள். நம் பிள்ளை கேள்வியை ஆங்கிலத்தில் வாங்கி, தமிழில் நினைத்து, மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். நான் முந்தானைக்குள் விரலை மடக்கிப் பத்துவரை எண்ணுவேன். ஏழாவது விரலில் வந்த பதில்கள் நிறைய. முன்பெல்லாம் இரண்டாவது விரலிலேயே அடுத்த பிள்ளையிடம் போயிருப்பேன்.

இனி நான் சொல்லப்போவதை எந்தப் பயிற்சி முகாமிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மச்சியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் பிடிபட்டது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செந்தமிழ் பேசுகிறார்கள்.

காய்கறிக் கடைக்குப் போய், “எனக்கு அரைக் கிலோ கத்தரிக்காய் வேண்டும்” என்று யாராவது சொல்வோமா? “அண்ணாச்சி, அரக்கிலோ கத்தரிக்கா போடுங்க” என்போம். எழுதும்போது “அவர்கள் வந்தார்கள்”, பேசும்போது “அவிய வந்தாவ”. இப்படி எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று வைத்திருப்பதற்கு இரட்டை வழக்கு என்று பெயர். சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்க மொழியியல் மாணவர்கள் படிக்கிற சங்கதி. தமிழன் அதில் பிறந்து வளர்கிறான். ஐந்து வயதுப் பிள்ளைகூட வீட்டில் “சொல்லுதேன்” என்று பேசிவிட்டு, பள்ளிக்கூடத்தில் “சொல்கிறேன்” என்று வாசிக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தின் எழுத்து வழக்கை மட்டும் கொடுத்துவிட்டு, அதை வைத்தே பேசு என்கிறோம். ஆங்கிலத்துக்கும் பேச்சு வழக்கு உண்டு என்று ஒருவரும் அவர்களிடம் சொன்னதில்லை. நானும்தான் சொன்னதில்லை.

‘ஐ டூ நாட் நோ’ என்பது எழுத்து. வாயில் வருவது ‘ஐ டோன்ட் நோ’. ‘வாட் இஸ்’ பேச்சில் ‘வாட்ஸ்’ ஆகிவிடும். ‘ஐ ஆம்’ சுருங்கி ‘ஐம்’ ஆகும். நம் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ வாய்க்குள் ‘வந்துக்கிட்டிருக்கேன்’ ஆவதுபோலத்தான். இதைச் சொன்னபோது கல்லிடைக்குறிச்சிப் பையன், “அப்ப அது கொச்சை இல்லையா டீச்சர்?” என்றான். தேய்ந்து வருவது சோம்பேறிகளின் ஆங்கிலம் என்றும், விறைப்பாக நிற்பதுதான் ‘சரியான’ ஆங்கிலம் என்றும் அதுவரை நினைத்திருக்கிறான். பாவம், எவ்வளவு பாரம் சுமந்திருக்கிறான்!

இதிலேயே இன்னொன்றும் உண்டு. ‘முழு வாக்கியத்தில் பதில் சொல்’ என்பது எல்லா ஆங்கில ஆசிரியர்களும் சொல்வது. “எங்கட்டி போன?” என்று கேட்டால் “அம்பைக்கு” என்பதுதான் பதில். “நான் அம்பாசமுத்திரத்திற்குச் சென்றேன்” என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் ‘டு அம்பை’ என்றாலே போதும். ஒரு சொல்லும் பதில்தான், பாதி வாக்கியமும் பேச்சுதான் என்று நான் அனுமதித்த அன்று, ஆறு பேரில் நான்கு பேர் வாயைத் திறந்தார்கள். முழு வாக்கியம் என்ற படி அவர்களுக்கு ரொம்ப உயரமாக இருந்திருக்கிறது.

சொற்களை அடுக்கும் வரிசையும் அவர்களைத் தடுமாற வைத்தது. தமிழில் வினை கடைசியில் வரும். ‘நேத்து, அம்மாகூட, பஸ்ல, அம்பைக்கு’ என்று எல்லாவற்றையும் சாவகாசமாக அடுக்கிவிட்டுப் ‘போனேன்’ என்று முடிக்கலாம். ஆங்கிலத்தில் ஆளைச் சொன்ன கையோடு வினையைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் ‘எஸ்டர்டே’ என்று ஆரம்பித்து, ‘வித் மை மதர்’ என்று இழுத்து, நடுவில் நின்றுவிடுவது பெரும்பாலும் இதனால்தான். சொல் தெரியாமல் இல்லை. ஒருநாள் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் இரண்டு வாக்கியங்களையும் எழுதிப் பார்த்தேன். நேத்து, அம்மாகூட, பஸ்ல, அம்பைக்கு, போனேன். கீழே, ஐ வென்ட், டு அம்பை, பை பஸ், வித் மை மதர், எஸ்டர்டே. அப்படியே கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிப்போட்ட வரிசை. எல்லா வாக்கியமும் இப்படிக் கச்சிதமாகத் திரும்பாதுதான். ஆனால் ‘யாரு, என்ன செஞ்சா’ என்ற இரண்டை முதலில் சொல்லிவிடு, மிச்சத்தைக் கேள்வி கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றதும் அந்தத் திணறல் பாதி குறைந்தது. ‘ஐ வென்ட்’ என்று ஒருத்தி சொல்லுவாள். ‘வேர்?’ என்று ஐந்து குரல் கேட்கும். ‘டு அம்பை.’ ‘ஹௌ?’ ‘பை பஸ்.’ கேட்கிறவர்களும் சேர்ந்துதான் அந்த வாக்கியத்தைக் கட்டி முடிப்பார்கள்.

மரியாதையும் குறுக்கே வரும். தெருப் பிள்ளை ஒருத்தி அவள் ஆச்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, ‘மை கிராண்ட்மதர், தே’ என்றாள். ‘ஷி’ என்று திருத்தினேன். முகம் வாடிப்போயிற்று. “ஆச்சியைப் போயி அவ இவன்னு எப்படி டீச்சர் சொல்ல?” என்றாள். ‘அவிய’ என்ற சொல்லுக்குள் இருக்கிற மரியாதையை விட மனமில்லாமல்தான் அந்தப் பிள்ளை ‘தே’ என்றிருக்கிறாள். அதை வெறும் பிழை என்று சிவப்பு மையில் சுழித்த வருஷங்களை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. ஆங்கிலத்தில் மகாராணிக்கும் ‘ஷி’தான், மரியாதையை அவர்கள் வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள், ‘குட் யு’ என்று கேட்பதிலும் ‘ப்ளீஸ்’ சேர்ப்பதிலும் குரலைத் தாழ்த்துவதிலும் அது இருக்கிறது என்று சொன்னேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து, ஆச்சியிடமே கேட்டுவிட்டதாகச் சொன்னாள். ஆச்சி சரி என்றிருக்கிறார்கள்.

உச்சரிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தேவைக்கு மேல் பயமுறுத்தப்பட்ட விஷயம் அது. ‘ஸ்டேஷன்’ நம் வாயில் ‘இஸ்டேஷன்’ ஆவது தமிழின் இயல்பு. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பது நம் இலக்கணம். அதை இரண்டு நாளில் சரி செய்துவிடலாம். அதைவிட முக்கியம் அழுத்தம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசையை மட்டும் ஓங்கிச் சொல்லி மற்றதைத் தணித்துவிடுவார்கள். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை ஓங்கும், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்றால் இரண்டாவதற்கு மாறிவிடும். நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்வதால்தான் கேட்கிறவருக்குச் சிரமமாகிறது. மற்றபடி திருநெல்வேலி வாடை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் ஐஈஎல்டிஎஸ் தேர்வில் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிஷம். நான்கு விஷயங்களுக்குச் சம அளவில் மதிப்பெண்: சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நாங்கள் உயிரை விட்டுச் சொல்லிக்கொடுத்த இலக்கணத்துக்கு அதில் கால் பங்குதான். உச்சரிப்பிலும் தெளிவைத்தான் பார்க்கிறார்கள், லண்டன்காரர் மாதிரி பேசுகிறாயா என்று பார்ப்பதில்லை.

சொந்தச் சாயலுக்காகக் கூசுகிற பிள்ளைகளிடம் நான் கால்டுவெல்லைச் சொல்வதுண்டு. 1841இல் தேரிக்காட்டுப் பக்கம் இடையன்குடிக்கு வந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தச் சீமையில் கழித்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர். அதே காலத்தில் சாயர்புரத்தில் இருந்த போப், பிற்பாடு 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். அவர்கள் வந்த புதிதில் ‘ழ’வும் ‘ற’வும் அவர்கள் நாக்கில் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசிக்கச் சொல்வேன். பனையேறிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்தத் தமிழைப் பொறுத்துக் கேட்டிருக்கிறார்கள். கேட்க ஆள் இருந்ததால்தான் அவர்கள் பேசிப் பழகினார்கள்.

தமிழில் பேசினால் அபராதம் போடும் பள்ளிக்கூடங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஒரு வார்த்தைக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குகிறார்கள். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு, அதை மறைக்கவில்லை. அபராதத்துக்குப் பயந்த பிள்ளை ஆங்கிலம் பேசாது, பேச்சையே நிறுத்திவிடும். என் மச்சியில் தமிழ் தாராளமாக வரலாம். ஒரு சொல் அகப்படாவிட்டால் தமிழிலேயே சொல்லிவிட்டுக் கதையைத் தொடரு என்பேன். ‘மை மதர் மேட் அவியல்’ என்றால் அவியல் என்றுதான் சொல்ல வேண்டும், வேறென்ன சொல்வது?

எப்போது திருத்துவது என்பதில் நான் நிறையத் தடுமாறியிருக்கிறேன். பிள்ளை தப்பாகச் சொன்னதை நாம் சரியாகத் திருப்பிச் சொல்வது நம் எல்லாருக்கும் பழக்கம். கனடாவில் லிஸ்டர், ராண்டா என்ற இருவர் வகுப்பறைகளைப் பதிவுசெய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ஆனால் அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்குத்தான் பிள்ளைகளிடமிருந்து ஏதாவது எதிர்வினை வந்தது. மற்றதெல்லாம் டீச்சர் ஏதோ ஆமோதிக்கிறார் என்று கடந்து போய்விட்டன. நான் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பேசும்போது குறுக்கிடுவதில்லை. எல்லாரும் பேசி முடித்த பிறகு, யார் சொன்னது என்று சொல்லாமல் இரண்டே இரண்டு வாக்கியங்களை எழுதிப்போட்டு, இதை எப்படிச் சொல்லலாம் என்று அவர்களையே கேட்கிறேன். மூன்றாவது பிழை அடுத்த வாரத்துக்கு.

பேச ஒரு காரணமும் வேண்டும். ‘பசுவைப் பற்றிப் பேசு’ என்றால் பெரியவர்களுக்கே பேச்சு வராது. என். எஸ். பிரபு என்ற பேராசிரியர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பக்கத்துச் சாதாரணப் பள்ளிகளில் ஒரு முயற்சி செய்தார். இலக்கணப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் இப்படி எதையாவது கொடுத்து, ஒரு சிக்கலை ஆங்கிலத்தில் பேசித் தீர்க்கச் சொன்னார். செயல்வழி மொழி கற்பித்தல் என்று உலகமே இன்றைக்குப் பேசுவதற்கு நம் தென்னாட்டு வகுப்பறைகளில் நடந்த அந்த வேலை ஒரு முக்கியமான தொடக்கம். நான் திருநெல்வேலி செங்கோட்டைப் பாதையின் ரயில் நேரத்தை எடுத்துக்கொண்டேன். ஒருவரிடம் வண்டிகளின் நேரம் இருக்கும். இன்னொருவருக்குத் தென்காசியில் பத்தரைக்குக் கல்யாணம், வழியில் ஆழ்வார்குறிச்சியில் ஒரு சித்தியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எந்த வண்டியில் ஏறுவது? இரண்டு பேரும் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசியே முடிவு செய்ய வேண்டும். சித்தியை எப்படியாவது கூட்டிக்கொண்டு போகிற அவசரத்தில் இறந்தகாலமா நிகழ்காலமா என்ற கவலையே அவர்களுக்கு மறந்துபோகும்.

முதுகைக் காட்டி உட்கார வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மழை.

இரண்டாம் வருஷம் ஆள் கூடி, பதினொரு பேர் ஆகியிருந்தார்கள். அதில் பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளை ஒருத்தி, பக்கத்து ஊரில் இருந்து வந்துகொண்டிருந்தாள். பதினோரு வாரம் வாயே திறக்கவில்லை. ஒரு வாரம்கூட வராமலும் இருந்ததில்லை. நானும் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டுக்கொண்டிருப்பதும் படிப்புதான் என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மாசம், அடைமழை, எல்லாரும் கீழே தார்சாவில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி தேட நான் எழுந்திருக்கையில், இருட்டுக்குள் இருந்து பழக்கமில்லாத ஒரு குரல் வந்தது. ‘மை ஹவுஸ் ஆல்சோ, நோ லைட். மை மதர் ஒர்க் இன் டார்க்.’ யார் என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. பத்தமடைப் பெண், ‘வாட் ஒர்க்?’ என்று கேட்டாள். ‘பீடி’ என்றது அந்தக் குரல். மெழுகுவர்த்தியை நான் தேடவில்லை. இருபது நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அந்த இருபது நிமிஷத்தில், அம்மா எப்படி இலை வெட்டுவாள், தூள் எவ்வளவு வைப்பாள், எப்படிச் சுற்றி நூல் கட்டுவாள் என்று எங்கள் அத்தனை பேருக்கும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்திருந்தாள். முகங்கள்தான் அவளுக்குப் பாரமாக இருந்திருக்கின்றன. அடுத்த வாரத்தில் இருந்து முதுகோடு முதுகாக உட்கார்ந்தோம். கொஞ்ச நாளில் பக்கவாட்டில். எதிரெதிரே உட்காரத் தை மாசம் ஆயிற்று.

சனிக்கிழமை ஒருநாள் மட்டும் போதாது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. அதனால் இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து, ராத்திரி எட்டரைக்குப் போனில் ஒருவருக்கொருவர் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். நியூசிலாந்தில் பால் நேஷன் என்ற பேராசிரியர் 1989இல் எழுதிய ஒரு பயிற்சிமுறையை இதில் எடுத்துக்கொண்டேன். ஒரே கதையை முதலில் நான்கு நிமிஷத்தில், பிறகு மூன்று நிமிஷத்தில், கடைசியாக இரண்டு நிமிஷத்தில் சொல்வது. ஒவ்வொரு தடவையும் கேட்பவர் வேறு ஆளாக இருப்பதுதான் முறை, போனில் அதற்கு வசதி இல்லாததால் நாங்கள் ஒரே ஆளை வைத்துச் சமாளித்தோம். முதல் தடவை சொல்லைத் தேடுவார்கள். இரண்டாம் தடவை தேடிய சொல் கையில் இருக்கும். மூன்றாம் தடவை கதை தானாக ஓடும். தனக்குச் சரளமாகப் பேச வரும் என்பதைப் பிள்ளை தன் காதாலேயே கேட்கிற இடம் அந்த மூன்றாம் தடவைதான். நர்சிங் பிள்ளை இப்படித்தான் ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்பதை முப்பது நாற்பது தடவை சொல்லிச் சொல்லி, திருநெல்வேலியிலேயே ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது ஐஈஎல்டிஎஸ் எழுதத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். பேச்சில் அவளுக்கு 9க்கு 7 வேண்டும்.

போன மாசம் ஒரு புதன்கிழமை, பாலிடெக்னிக் பிள்ளையின் அம்மா வீடு தேடி வந்தார்கள். பீடியைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்புகிற வழி. கையில் காலித் தட்டு. ராத்திரியில் போன் பேசுவதைப் பற்றி வருத்தப்பட வந்திருக்கிறார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். உட்காரச் சொன்னேன். நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

“டீச்சரம்மா, அவ என்ன சொல்லுதான்னு எனக்கு ஒண்ணும் புரியாது. பக்கத்துல இருந்து சுத்திக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன். மொதல்ல நான் எட்டு பீடி சுத்துத வரைக்கும் சொல்லுதா. பொறவு அதையேதான் மறுபடியும் சொல்லுதா, ஆறு பீடில முடிஞ்சிருது. கடைசியா நாலு பீடி. நேத்து நாலாவது பீடிக்கு நூலு கட்டுததுக்குள்ள முடிச்சிட்டா.”

“என்ன கதைம்மா சொன்னா?”

“அது தெரியலயே. நடுவுல ரெண்டு தடவ எம் பேரு வந்துச்சு.”